மூடுபனியும் விமானியின் கண்ணும்

ஜனவரி மாதத்தின் ஒரு காலை வேளை. தில்லியை நோக்கி வரும் விமானம் ஒன்று இன்னும் மூவாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே வானம் துல்லியமாக இருக்கிறது; கிழக்கில் கதிரவன் எழுந்துவிட்டான். விமானியின் கண்முன் தொடுவானம் வரை தடை ஏதுமில்லை. ஆனால், கீழே இருக்கவேண்டிய மாநகரைக் காணவில்லை. வெண்பஞ்சை விரித்தாற்போன்ற ஒரு பரப்பு மட்டுமே எல்லாத் திசைகளிலும் நீண்டு கிடக்கிறது. அப்பரப்பின் தடிப்பு நூறு அல்லது இருநூறு மீட்டர்தான். பத்தாயிரம் மீட்டர் உயரத்தில், உறைபனியினும் கடுங்குளிரான காற்றைக் கிழித்துக்கொண்டு பல மணி நேரம் பறந்துவந்த விமானத்திற்கு, எஞ்சியிருக்கும் அந்த நூறு மீட்டரே பயணத்தின் கடினமான பகுதியாகிவிடுகிறது.

நிலத்தைத் தொடும் மேகம்

மூடுபனி என்பது தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மேகமே. இரண்டும் நுண்ணிய நீர்த்துளிகளால் ஆனவை; இரண்டும் ஒரே முறையில் பிறப்பவை. பார்ப்பவர் நிற்கும் இடமே பெயரை மாற்றுகிறது. கொடைக்கானல் மலையில் நிற்பவர் மூடுபனிக்குள் நிற்கிறார். அதே நேரத்தில் அடிவாரத்தில் நிற்பவர் மலைமுகட்டில் மேகம் தவழ்வதாகச் சொல்கிறார். தமிழில் ‘மஞ்சு’ என்னும் பழஞ்சொல் மேகத்தையும் குறிக்கும், பனியையும் குறிக்கும். இன்றைய வானிலையியல் கூறும் ஒற்றுமை அச்சொல்லுக்குள் முன்பே இருப்பது வியப்பைத் தருகிறது.

பொருள்களைத் தெளிவாகக் கண்டுணரக்கூடிய தொலைவு பார்வைத்தூரம் எனப்படும். நீர்த்துளிகளால் பார்வைத்தூரம் 1000 மீட்டருக்குக் கீழே குறையுமானால் அதனை மூடுபனி என வானிலையியலார் வரையறுக்கின்றனர். அதற்கு மேற்பட்டிருப்பின் அது வெறும் பனிமூட்டம். சாலையில் செல்பவருக்கு 800 மீட்டர் பார்வைத்தூரம் ஒரு குறையாகவே தோன்றாது. விமானிக்கு அவ்வாறன்று.

காற்றில் நீராவி எப்போதும் கலந்திருக்கிறது. வெப்பமான காற்றில் மிகுதியான நீராவி தங்கும். குளிர்ந்த காற்றில் குறைவாகவே தங்கும். 30 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி தங்க முடியும். 10 பாகையில் ஒன்பதரைக் கிராம் அளவே தங்கும். ஆகவே, ஈரமான காற்று குளிர்ந்துகொண்டே வரும்போது, ஒரு நிலைக்குமேல் தன்னிடமுள்ள நீராவியை ஆவி வடிவிலேயே வைத்திருக்க இயலாமல் போகிறது. அந்நிலை பனிப்புள்ளி எனப்படும். அதற்குக் கீழே வெப்பநிலை இறங்கினால், மிகையான நீராவி நீர்மமாக மாறத் தொடங்கும்.

மாறுவதற்கும் ஓர் இருக்கை வேண்டும். தூசி, புகைத்துகள், கடலிலிருந்து எழும் உப்புத்துகள் ஆகியவற்றின்மீதே நீராவி படிந்து துளியாகிறது. முழுவதும் தூய்மையான காற்றில் பனிப்புள்ளியைத் தாண்டிய பின்னும் துளிகள் எளிதில் உருவாவதில்லை. இச்சிறு செய்தி பின்னர்ப் பெரிய விளைவைத் தருவதைக் காணலாம்.

ஒரு துளி நீரின் கணக்கு

மூடுபனியில் எவ்வளவு நீர் இருக்கிறது? ஓடுபாதையையே மறைத்துவிடும் அளவுக்கு நீர் மிகுந்திருக்கும் என்றே எண்ணத் தோன்றும். உண்மையில் அடர்ந்த மூடுபனியிலும் ஒரு கனமீட்டர் காற்றில் அரைக் கிராமுக்கும் குறைவான நீரே இருக்கும். பல வேளைகளில் அது 0.1 கிராம் அளவே.

இந்த 0.1 கிராம் நீரை ஒரே துளியாகத் திரட்டினால் அதன் விட்டம் ஆறு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. ஒரு சிறு மணியளவே இருக்கும். ஒரு கனமீட்டர் காற்றுக்குள் அப்படியொரு மணி தொங்கினால் யார் கண்ணையும் அது மறைக்காது. ஆனால் மூடுபனியில் அதே நீர், ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள துளிகளாகச் சிதறியிருக்கிறது. அப்போது அத்துளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 19 கோடி. ஒளியை மறிக்கும் மொத்தப் பரப்பு, ஒற்றைத் துளியாக இருந்ததைவிட 570 மடங்குக்கும் மேலாகப் பெருகிவிடுகிறது. இத்தகைய காற்றில் நூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது. பெருமழையில்கூடப் பலநூறு மீட்டர் காண முடிவதும், மழையின் நீரளவில் மிகச் சிறு பங்கேயுள்ள மூடுபனியில் கண்ணிருந்தும் காணாமல் நிற்பதும் இதனால்தான்.

துளி இன்னும் சிறியதானால் மறைப்பு இன்னும் கூடும். நீரின் அளவு மாறாமல் துளியின் விட்டம் பாதியானால், மறிக்கும் பரப்பு இரட்டிப்பாகும், பார்வைத்தூரம் பாதியாகும். இங்குதான் புகைத்துகள்கள் தம் வேலையைக் காட்டுகின்றன. காற்றில் துகள்கள் பெருகினால் நீராவி படிவதற்கான இருக்கைகளும் பெருகும். ஒவ்வோர் இருக்கைக்கும் கிடைக்கும் நீர் குறையும். விளைவு, எண்ணற்ற மிகச்சிறு துளிகள். ஊர்ப்புறத்துப் பனியைவிட நகரத்தின் மாசடைந்த பனி கண்ணை அதிகம் மறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னை இதற்கு அயலான ஊரன்று. கடலோரத்தில் இருப்பதால் அங்கு வடநாட்டைப் போன்ற மூடுபனி அரிது. எனினும் மார்கழியின் கடைசி நாளாகிய போகியன்று விடியற்காலையில் பழம்பொருள்களை எரிக்கும் புகை, குளிர்ந்த ஈரக்காற்றில் மேலெழாமல் தங்கி, பனியோடு கலந்துவிடுகிறது. 2018ஆம் ஆண்டு போகியன்று காலை இத்தகைய புகைப்பனியால் சென்னை விமான நிலையத்தில் பார்வைத்தூரம் வெகுவாகக் குறைந்தது. சென்னையில் இறங்கவேண்டிய விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பி விடப்பட்டன.

கங்கைச் சமவெளியின் குளிர்கால இரவு

மூடுபனி பல வகைகளில் தோன்றும். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடற்பகுதியில் வெப்பமான ஈரக்காற்று குளிர்ந்த நீரோட்டத்தின்மேல் நகர்ந்து வந்து மூடுபனியாகிறது. சான்பிரான்சிசுகோ நகரின் கோடைக்காலப் பனியும் இவ்வகையே. மலைச்சரிவில் ஏறும் காற்று, ஏற ஏறக் குளிர்ந்து மூடுபனியாவதும் உண்டு. ஆனால், இந்திய விமானிகளுக்கு நன்கு அறிமுகமானது இரவில் தரை குளிர்வதால் தோன்றும் கதிர்வீச்சு மூடுபனியாகும்.

பகலில் கதிரவனிடம் பெற்ற வெப்பத்தைத் தரை இரவில் வான்வெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. வானில் மேகம் இருந்தால் அது போர்வைபோல் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். தெளிந்த வானமாயின் தடுப்பார் இல்லை. தரை விரைவாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே செல்லச் செல்லக் குளிர வேண்டிய காற்று, இங்கே மாறாக, கீழே குளிர்ந்தும் மேலே வெப்பமாகவும் அமைந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆதலால் அது எழுவதில்லை. மூடியிட்ட பானைக்குள் இருப்பதுபோல் ஈரமும் புகையும் தரையருகே அடைபட்டுக் கிடக்கின்றன. காற்று சிறிதும் அசையாவிட்டால் நீராவி புல்நுனியில் பனித்துளியாகப் படிந்து முடிந்துவிடும். பலத்த காற்று வீசினால் மேலேயுள்ள உலர்காற்று கலந்து பனியைக் கலைத்துவிடும். மெல்லிய காற்றே மூடுபனியை வளர்க்கிறது.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் கங்கைச் சமவெளியில் இவையனைத்தும் ஒருசேரக் கூடுகின்றன. மேற்கிலிருந்து வரும் வானிலைக் கலக்கங்கள் சிறுமழையைத் தந்து செல்கின்றன. நீர் பாய்ச்சிய கோதுமை வயல்கள் ஈரத்தைக் கூட்டுகின்றன. வடக்கே இமயம் அரணாக நிற்கிறது. நீண்ட இரவும் தெளிந்த வானமும் வாய்க்கின்றன. போதாக்குறைக்கு நகரங்களின் புகை. இம்மூடுபனியின் தோற்றத்தையும் கலைவையும் அளந்தறிய, 2015ஆம் ஆண்டுக் குளிர்காலம் முதல் தில்லி இந்திராகாந்தி பன்னாட்டு விமான நிலையத்திலேயே கருவிகளை நிறுவி, புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் ஆய்வு நடத்தி வருகின்றனர். மூடுபனி எப்போது கலையும் என்பதை ஒரு மணி நேரம் முன்கூட்டிச் சொன்னாலும் பெரும்பயன் உண்டு. எரிபொருளை எவ்வளவு நிரப்புவது, எந்த விமானத்தை எப்போது புறப்படச் சொல்வது என்பன அதைப் பொறுத்தே அமைகின்றன.

கதிரவன் எழுந்ததும் பனி விலகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் கதிரவன் எழுந்த சிறிது நேரத்திற்குப் பனி மேலும் அடர்வதும் உண்டு. தரையில் படிந்த பனித்துளிகள் ஆவியாகி ஈரத்தைக் கூட்டுவதும், காற்று சற்றே கலங்குவதும் அதற்குக் காரணங்கள். ஒளியில் ஒரு பகுதியை வெண்பனி மேலேயே திருப்பி அனுப்பிவிடுவதால் தரை மெதுவாகவே சூடேறுகிறது.

எட்டு நொடிகள்

பயணியர் விமானம் ஒன்று தரையிறங்க வரும்போது நொடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதனை நடுவழியில் நிறுத்திப் பார்க்க வழியில்லை. பார்வைத்தூரம் 550 மீட்டராயின், விமானி காணும் கடைசிப் பொருளை விமானம் எட்டு நொடிகளில் அடைந்துவிடும்.

விமானம் மூன்று பாகைச் சரிவில் இறங்கி வருகிறது. சாதாரணக் கருவி வசதியுள்ள ஓடுபாதையில், தரையிலிருந்து 60 மீட்டர் உயரத்தை எட்டும்போது விமானி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அதற்கு முடிவு உயரம் என்று பெயர். அந்த உயரத்தில் விமானம் ஓடுபாதையின் தொடக்கத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் முன்னால் இருக்கும். பார்வைத்தூரம் 550 மீட்டராக இருக்கையில் ஓடுபாதை அவர் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அவர் தேடுவது ஓடுபாதைக்கு முன்னால் 900 மீட்டர் தொலைவு வரை நடப்பட்டிருக்கும் வழிகாட்டு விளக்குகளைத்தான். அவை தெரிந்தால் தொடரலாம். தெரியாவிட்டால் அந்த நொடியிலேயே இயந்திரங்களுக்கு முழு விசை கொடுத்து மேலெழ வேண்டும். ‘இன்னும் சற்று இறங்கிப் பார்க்கலாம்’ என்பதற்கு விதியில் இடமில்லை. இருநூறு பயணியரும் காத்திருக்கும் உறவினரும் குறைந்துவரும் எரிபொருளும் மனத்தை அழுத்தும் வேளையில் அந்த விதி விமானிக்குத் துணையாகிறது. தனியே எண்ணிக் குழம்ப வேண்டிய முடிவை அது முன்பே எடுத்து வைத்திருக்கிறது.

மேலிருந்து காண்பது

மூடுபனி செய்யும் ஏமாற்றுகளில் மிகக் கொடியது, தெரிவதுபோல் தெரிந்து மறைவது. 30 மீட்டர் தடிப்புள்ள மெல்லிய பனிப்படலம் ஓடுபாதையின்மேல் படர்ந்திருப்பதாகக் கொள்வோம். நேர்மேலே பறக்கும் விமானி குனிந்து பார்க்கும்போது அவருடைய பார்வை 30 மீட்டர் பனியை மட்டுமே ஊடுருவ வேண்டும். ஓடுபாதையின் கோடுகளும் விளக்குகளும் நன்றாகத் தெரியும். இறங்கலாம் என்று அவர் நம்புவார். ஆனால், மூன்று பாகைச் சரிவில் இறங்கி வரும்போது பார்வை அதே படலத்தைச் சாய்வாகக் கடக்க வேண்டும். அந்தச் சாய்வழியின் நீளம் 570 மீட்டர். முன்னதைப்போல் பத்தொன்பது மடங்கு. சற்றுமுன் கண்ட ஓடுபாதை, தரையைத் தொடும் நேரத்தில் இல்லாமல் போகிறது.

அவ்வேளையில் விமானியின் உடலும் அவரை ஏமாற்றும். மூடுபனிக்குள் நுழைந்த கணத்தில், விமானத்தின் மூக்கு மேல்நோக்கி எழுவதுபோன்ற உணர்வு தோன்றுவது உண்டு. அதனை உண்மையென்று நம்பி மூக்கைக் கீழே சாய்ப்பவர் தரையை நோக்கி விரைவார். இரவில் விமானத்தின் முன்விளக்குகளை ஒளிரவிட்டால், துளிகள் அவ்வொளியைத் திருப்பி அனுப்பி, கண்முன் ஒரு வெள்ளைச் சுவரை எழுப்பிவிடுகின்றன. ஒளியைக் கூட்டினால் நன்றாகத் தெரியும் என்னும் அன்றாட அறிவு இங்கே செல்லாது.

ஒளியின் நிறத்தை மாற்றினாலும் பயன் மிகுதியில்லை. பனித்துளியின் விட்டம் ஒளியின் அலைநீளத்தைப் போல இருபது மடங்கு. ஆகவே, சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் வேறுபாடின்றி எல்லா நிறங்களையும் அது ஏறத்தாழ ஒரேயளவில் சிதறடிக்கிறது. மூடுபனி வெண்மையாகத் தோன்றுவதும் அதனால்தான்.

காணாமலே இறங்குதல்

கண்ணுக்கு உதவாத பனியை முதலில் தீயால் விரட்ட முயன்றனர். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் ஓடுபாதையின் இருபுறமும் குழாய்கள் பதித்து, அவற்றின் வழியே பெட்ரோலைச் செலுத்தி எரித்தனர். காற்று சூடேறியது, துளிகள் ஆவியாயின. போரிலிருந்து திரும்பிய ஏறத்தாழ 2,500 விமானங்கள் அந்த நெருப்பு வரிசைகளுக்கு நடுவே இறங்கின. உயிர்களைக் காத்த முறைதான். ஆனால், நாள்தோறும் பின்பற்ற இயலாத அளவுக்குச் செலவு மிக்கது.

நிலையான வழி வானொலி அலைகளால் கிடைத்தது. ஓடுபாதையருகே இருந்து இரண்டு அலைக்கற்றைகள் அனுப்பப்படுகின்றன. ஒன்று விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து இடமோ வலமோ விலகுவதைக் காட்டும். மற்றொன்று இறங்கும் சரிவிலிருந்து மேலோ கீழோ விலகுவதைக் காட்டும். இவ்வலைகளின் நீளம் மீட்டர் கணக்கில் அமைந்தது. மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கேயான பனித்துளி, அவ்வலைகளுக்கு ஒரு பொருட்டே அன்று. ஒளியைச் சிதறடிக்கும் அதே பனி, வானொலி அலைக்கு வெட்டவெளியாகிறது.

1965ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் டிரைடெண்ட் வகை விமானம் ஒன்று பயணியருடன் தானியங்கிக் கருவியின் துணையால் தரையைத் தொட்டது. அந்த முயற்சியின் வளர்ச்சியே இன்று மூன்றாம் வகைத் தரையிறக்கம் எனப்படுகிறது. தில்லியில் அவ்வகை வசதி உள்ளது. உரிய கருவிகள் கொண்ட விமானமும் உரிய பயிற்சி பெற்ற விமானியும் இருந்தால், ஓடுபாதையில் பார்வைத்தூரம் 50 மீட்டராகக் குறைந்தாலும் இறங்கலாம். 50 மீட்டர் என்பது விமானத்திற்கு ஒரு நொடிக்கும் குறைவான தொலைவு. ஆகவே இறக்குவது தானியங்கிக் கருவியே. விமானி அதனைக் கண்காணிக்கிறார். புறப்படும்போது விமானத்தை விமானியே தம் கண்ணையும் கையையும் நம்பி ஓட்டுவதால் அதற்கு இன்னும் மிகுதியான பார்வைத்தூரம் தேவைப்படுகிறது. இறங்க முடிந்த விமானம் புறப்பட முடியாமல் நிற்பதன் காரணம் இதுவே.

இத்தனை நுட்பமான முடிவுகளுக்கு அளவும் நுட்பமாக இருக்கவேண்டும். முற்காலத்தில் ஒருவர் ஓடுபாதையருகே நின்று எத்தனை விளக்குகள் தெரிகின்றன என எண்ணிச் சொல்வார். இப்போது ஓடுபாதையின் ஓரத்தில் நிறுவப்பட்ட கருவி, ஒளிக்கற்றையைக் காற்றினூடே அனுப்பி, அதில் எவ்வளவு குறைந்து வருகிறது என்பதைக் கொண்டு பார்வைத்தூரத்தைக் கணக்கிடுகிறது. பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ‘திருஷ்டி’ அத்தகைய கருவியாகும்.

தெனெரீப் தீவின் ஓடுபாதை

மூடுபனியின் ஆபத்து வானிலிருந்து இறங்குவதோடு முடிவதில்லை. விமானப் போக்குவரத்து வரலாற்றில் மிகுதியான உயிர்களைக் கொண்ட விபத்து, தரையிலிருந்த இரண்டு விமானங்களுக்கிடையே நிகழ்ந்தது.

1977 மார்ச் 27. அட்லாண்டிக் கடலில் உள்ள கனேரித் தீவுகளுள் ஒன்றான கிரான் கனேரியாவின் விமான நிலையத்தில் வெடிகுண்டு வெடித்தது. அங்கு வரவேண்டிய விமானங்கள் அருகிலுள்ள தெனெரீப் தீவின் லோசு ரோடியோசு நிலையத்திற்குத் திருப்பப்பட்டன. அது கடல்மட்டத்திலிருந்து 630 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள சிறிய நிலையம், ஒரே ஓடுபாதை. மலையை ஒட்டித் தவழும் மேகங்கள் அவ்வப்போது ஓடுபாதையைக் கடந்து செல்வது அங்கு வழக்கம். வந்து குவிந்த விமானங்கள் பக்கப்பாதையை அடைத்துக்கொண்டு நின்றதால், புறப்படும் விமானங்கள் ஓடுபாதையிலேயே ஊர்ந்து அதன் மறுமுனைக்குச் செல்ல நேர்ந்தது.

மாலையில் நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்தைச் சேர்ந்த போயிங் 747 விமானம் மறுமுனைக்குச் சென்று திரும்பி நின்றது. அதன்பின்னே அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 747 அதே ஓடுபாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதற்குள் மேகம் இறங்கிவிட்டது. விலகிச் செல்லுமாறு சொல்லப்பட்ட கிளைப்பாதையைப் பான் ஆம் விமானிகள் பனிக்குள் தவறவிட்டு அடுத்ததை நோக்கிச் சென்றனர். கே.எல்.எம். விமானி அவர்களைக் காணவில்லை. அவர்களும் அவரைக் காணவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்தவர் இரு விமானங்களையும் காணவில்லை. தரையிலுள்ளவற்றைக் காட்டும் ரேடாரும் அங்கில்லை. மூவரையும் இணைத்தது வானொலிப் பேச்சு ஒன்றே.

அதுவும் அன்று கைவிட்டது. புறப்பட்ட பின் செல்லவேண்டிய வழியைக் கோபுரம் அறிவித்தது. அது புறப்படுவதற்கான இசைவு அன்று. ஆனால் கே.எல்.எம். தலைமை விமானி விமானத்தை ஓட்டத் தொடங்கிவிட்டார். காத்திருக்குமாறு கோபுரம் சொன்னதும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாகப் பான் ஆம் விமானி சொன்னதும் ஒரே நேரத்தில் ஒலித்து, ஒன்றோடொன்று மோதிக் கீச்சொலியாயின. அதன்பின் வந்த பேச்சைக் கேட்ட கே.எல்.எம். விமானப் பொறியாளர், முன்னால் சென்ற விமானம் இன்னும் விலகவில்லையோ என ஐயம் எழுப்பினார். விலகிவிட்டது என்று உறுதியாகப் பதில் வந்தது. பனியைக் கிழித்துக்கொண்டு ஒன்றையொன்று கண்டபோது திரும்பவோ நிற்கவோ நேரமில்லை. கே.எல்.எம். விமானத்தில் இருந்த 248 பேரும், பான் ஆம் விமானத்தில் 335 பேரும், ஆக 583 பேர் உயிரிழந்தனர். 61 பேர் பிழைத்தனர். தீயணைப்பு வீரர்கள் முதலில் எரிந்துகொண்டிருந்த ஒரு விமானத்தை அடைந்தனர். இன்னொன்றும் எரிகிறது என்பது சிறிது நேரம் கழித்தே அவர்களுக்குத் தெரிந்தது. அதனையும் பனி மறைத்திருந்தது.

இவ்விபத்துக்கு மூடுபனியை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது. பனி கண்ணை எடுத்துக்கொண்டது. கண்ணின் இடத்தில் நின்ற சொல் தெளிவாக இருந்திருந்தால் அத்தனை பேரும் வீடு திரும்பியிருப்பர். இதனை உணர்ந்து பின்னர் உலகெங்கும் விமானப் பேச்சுமொழி திருத்தப்பட்டது. ‘புறப்பாடு’ எனும் பொருள் தரும் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை, ஓடுபாதையிலிருந்து எழுவதற்கு இசைவு தரும்போதும் அவ்விசைவை நீக்கும்போதும் தவிர வேறெப்போதும் கோபுரம் சொல்லலாகாது. மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்றே சொல்ல வேண்டும். தலைமை விமானியின் முடிவில் ஐயம் தோன்றினால் இளையவர் அதை உரக்கச் சொல்லவும், மூத்தவர் அதற்குச் செவிகொடுக்கவும் தனிப்பயிற்சி அளிக்கப்படுகிறது. மூடுபனி நாள்களில் தில்லியில் இறங்கும் விமானங்கள், பசுமை விளக்குகளைப் பின்தொடர்ந்து, சிவப்பு விளக்கு வரிசை எரியும் இடங்களில் நின்று, கோபுரத்தின் சொல் கிடைத்த பின்னரே அடுத்த அடி நகர்கின்றன.